காய்ந்த மார்க்கர்

உதவிப் பேராசிரியர் பணியிடம் ஒன்றே ஒன்று. மாதிரி வகுப்புக்குப் போட்டியாளர்களையே மாணவர்களாக உட்காரவைத்திருக்கிறார்கள். என் முறை முடிந்துவிட்டது. இப்போது அவள், ஆய்வகத்தில் என் பக்கத்து மேசைக்காரி. ஜன்னல் வெயில் அவள் முகத்தில் மட்டும் விழுகிறது. அவளுக்காக வெயிலிடம்கூட யாரோ சிபாரிசு செய்திருக்கிறார்கள். "அண்ணா, மார்க்கர் இருக்கா?" என்கிறாள். நன்றாக எழுதும் மார்க்கர் என் சட்டைப்பையில் இருக்கிறது. மேசையில் கிடக்கும் காய்ந்ததை எடுத்து நீட்டுகிறேன். பலகையில் வெறும் கீச்சொலி. தேர்வுக் குழு நிமிர்கிறது. என் வயிற்றெரிச்சல் சற்று அடங்குகிறது. அவளோ பதறாமல் மூடியை மாட்டி, தலைகீழாகப் பிடித்து நாலு உதறு உதறுகிறாள். எழுத்து கருகருவென்று விழுகிறது. "இது அண்ணா சொல்லிக்குடுத்த வித்தைங்க" என்று குழுவிடம் என்னைக் காட்டிச் சிரிக்கிறாள். எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். சட்டைப்பையில் துருத்தும் மார்க்கரைக் கையால் மறைத்துக்கொள்கிறேன்.