தட்டின் ஓரம்

விடுதிப் பிள்ளைகள் மெஸ் சாப்பாட்டைப் பற்றி எழுதிய புகார்களைத் திரையில் படிக்கப் படிக்க, புரோகிராமர் மங்களேஸ்வரிக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. மறுநாள் ஆய்வுக்கு வருகிறவர்களிடம் அவற்றைக் காட்டியாக வேண்டும்.

"புழுன்னு எழுதினதையெல்லாம் தூக்கிரும்மா. 'ஊசிப்போன'ன்னு இருந்தா 'ஆறிப்போன'ன்னு மாத்திரு" என்றார் விடுதி மேலாளர் தனசேகர், ஏதோ மேசையைத் துடைக்கச் சொல்வதுபோல.

பைத்தான் நிரல்மொழியில் அந்த அசிங்கத்துக்கு ஒரே வரி போதும். சதுர அடைப்புக்குள் முதலில் செய்ய வேண்டிய மாற்றம், பிறகு புகார்களின் பட்டியல், கடைசியில் எவற்றை வைத்துக்கொள்வது என்று ஒரு நிபந்தனை. எழுதி ஓட்டினாள். புழுக்கள் மறைந்தன. 'ஆறிப்போன சாம்பார் சாப்பிட்டு ரெண்டு பேர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறோம்' என்று ஒரு புகார் திருந்தி வந்து நின்றது. தனசேகர் அதைப் படித்துச் சிரித்தார்.

"பழசு அழிஞ்சிருச்சா?"

"இல்ல சார். இது புதுசா ஒரு பட்டியல் போடும். பழசு அப்படியே இருக்கும்."

"இருந்துட்டுப் போகட்டும். யாரு பாக்கப்போறா?"

மதியம் மெஸ்காரர் நன்றிக்கடனாகச் சாப்பாடு அனுப்பியிருந்தார். தனசேகர் எதிரில் உட்கார்ந்துகொண்டார். அவள் தட்டில், சாம்பார் கத்தரிக்காயை ஒட்டி, வெந்து வெளிறிய புழு ஒன்று கிடந்தது. எழுந்து போயிருக்கலாம். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். விரல் நுனியால் அதைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, மிச்சத்தைப் பிசைந்து வாயில் போட்டாள்.

"எப்படிம்மா இருக்கு?"

"நல்லா இருக்கு சார்."

ஓரத்தில் அது அப்படியே இருந்தது.