சுவரில் ஒரு வரி

இடஒதுக்கீடு கேட்டுப் போராடுகிறவர்கள் ரோட்டில் புளியமரங்களை வெட்டிப் போட்டிருப்பதால் இன்றும் பஸ் இல்லை. கச்சிராயபாளையத்திலிருந்து நடந்தே வந்த ஷர்புன்னிசா டீச்சர், புடவைக் கரையில் ஒட்டிய செம்மண்ணைக்கூடத் தட்டாமல் பள்ளிக்கூட வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே ஒரே அறையில் ஐந்து வகுப்பும் ஆளுக்கொரு வாய்ப்பாட்டைக் கத்திக்கொண்டிருக்கின்றன. எதிரில் நிற்கும் அஞ்சாங்கிளாஸ் பச்சையம்மா பாடப்புத்தகத்தின் முதல் வரியிலேயே வெகுநேரமாகத் திணறுகிறாள். அடுத்த வருஷம் ஆறாவதுக்குப் போக வேண்டியவள். புத்தகத்தை வாங்கி மூடும் டீச்சருக்குத் திட்டவும் தெம்பில்லை. "அது வாணாம் டீச்சர், இத்தப் படிக்கட்டா?" அவள் கை காட்டுவது பள்ளிக்கூடச் சுவரை. போராட்டக்காரர்கள் காவியில் எழுதிவிட்டுப் போன வரி வெயிலில் பளிச்சென்று நிற்கிறது. 'படிப்பிலும் வேலையிலும் தனி இடம் கொடு.' ஓர் எழுத்துப் பிசகாமல் படித்துவிடுகிறாள். டீச்சர் கால்வலியை மறந்து எழுந்தே விடுகிறார். ஆனாலும் சோதித்துப் பார்த்தே பழகிப்போன மனசு கேட்கவில்லை. சுவரருகே போய் முதல் சொல்லை உள்ளங்கையால் மறைக்கிறார். "இப்ப மீதிய மட்டும் படி, பாப்பம்." பச்சையம்மா தொண்டையைச் செருமிக்கொள்கிறாள். நேற்று தெருவில் போன ஊர்வலத்தின் அதே ராகத்தில், முஷ்டியை உயர்த்தி, "படிப்பிலும்..." என்று ஆரம்பித்து, கடைசிவரை ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிறாள். "கரெக்டா டீச்சர்?" முகமெல்லாம் சிரிப்பு. சுவரில் வைத்த கையை டீச்சர் இன்னும் எடுக்கவில்லை.