வந்து சேராத உத்தரவு

2019 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, பீரங்கிப் படையில் இருபத்துநான்கு ஆண்டுகள் பணியாற்றிய என் கணவர் ஹவில்தார் முனிரத்தினத்தின் ஊன ஓய்வூதிய மேல்முறையீடு விசாரணைக்கு வந்தது. அவருடைய காதுகள் மந்தமானது படைப்பணியால் அல்ல, வீட்டுச் சூழலால் என்று முதல் மனுவை நிராகரித்திருந்தார்கள். எங்கள் வீட்டில் எவரும் குரலை உயர்த்துவதில்லை. மேல்முறையீட்டை நானே எழுதினேன்.

விசாரணை அறை வாசலில் அவருடைய முகத்துக்கு நேரே நின்று, "போன தடவை மாதிரி 'ஃபிட், சார்'னு சொல்லி வைக்காதீங்க" என்றேன்.

"நான் எங்க சொல்றேன்? சார் கேட்டா வாய் தானா சொல்லுது."

உள்ளே மருத்துவக் கர்னல் அவரை நிமிர்ந்து பார்த்து, "எப்படி இருக்கீங்க?" என்றார். இவர் உதடுகளைப் படித்தார். குதிகால்களைச் சேர்த்து விறைத்தார்.

"ஃபிட், சார்."

கர்னல் அதைக் குனிந்து எழுதியபடியே, "சரி, உட்காருங்க" என்றார். இவர் நின்றார். கர்னல் மறுபடியும் சொன்னார், இவர் நின்றார். சட்டைக் கையைப் பிடித்து இழுக்க எழுந்த என் கையை மடியில் வைத்துக்கொண்டேன். மூன்றாம் முறை சொன்ன பிறகே கர்னல் தலையை நிமிர்த்தினார்.

"ஏம்மா, இவர் ஏன் இன்னும் நிக்கிறாரு?"

"உத்தரவு இன்னும் அவருக்கு வந்து சேரலைங்க, சார்."

கர்னல் பேனாவை மூடினார். பிறகு எழுந்து வந்து, அவருக்கு முன்னால் நின்று, நாற்காலியைக் கையால் காட்டினார். இவர் உடனே உட்கார்ந்தார்.

மே மாதம் ஆணை வந்தது. காது மந்தம் படைப்பணியால் ஏற்பட்டதே என்றும், ஓய்வூதியம் வழங்கப்படும் என்றும் முடிவுசெய்திருந்தார்கள். வீட்டைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.