கோவண்டியில் புதிய யுகம்

மனிதகுலத்தின் இரும்பு யுகம் இன்று காலை மும்பையின் கோவண்டியில் முடிவுக்கு வருகிறது, கரண்ட் வந்தவுடன். வந்துவிட்டது. மூடிப்போன உருக்காலைக் கொட்டகையின் கண்ணாடி அறைக்குள், ஜப்பானிலிருந்து இறங்கிய கம்ப்யூட்டர் லேத் மல்லிகைச் சரத்தோடு மின்னுகிறது. பன்னீர் தெளித்தாயிற்று, தொழிலாளிகள் செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் நிற்பதுபோல நெருக்கியடித்து நிற்கிறார்கள். லேத் தானாக ஓடினால்தான் ஆர்டர் என்று, நேரில் பார்க்க வந்திருக்கும் பட்டேல் சேட் கறாராகச் சொல்லியிருக்கிறார். "ஒரே பட்டன் சேட், ஆளே வேண்டாம்" என்று முதலாளி நாகூர் மீரான் பிஸ்மி சொல்லி அழுத்துகிறார். அறை உறுமுகிறது. புதிய யுகம் எல்லோர் முகத்திலும் ஜில்லென்று அடிக்கிறது. கைதட்டலில் தகரக்கூரை அதிர, சேட் முதலாளியின் கையைப் பிடித்துக் குலுக்குகிறார். ஆபரேட்டர் ஞானசீலன் முதலாளியின் காதருகே குனிகிறான்: "பாய், சிரிச்சமானிக்கே கேளுங்க. நீங்க அமுக்குனது ஏசி."