கதவைத் திற, துரை

டீ பேக்டரி கேட்டுக்கு வெளியே நின்ற கூட்டத்தைப் பார்த்ததும் நூர் அகமதுவுக்குக் கால் தரையில் பாவவில்லை. குன்னூர் பக்கத்து ஜெகதளாவுக்கு மேலே, அந்தப் பனிமூட்டத்துக்குள், அறுபது எழுபது பேர் இருப்பார்கள். சந்தைக்குப் போகிற வழியில் அப்படியே வந்துவிட்டார்கள் போலிருந்தது. பலரிடம் சாக்கு மூட்டைகள் இருந்தன.

"நாம வர்றது ஊருக்குள்ள தெரிஞ்சு போச்சுடா நூரு" என்றார் கீர்த்திவாசன், ஹாரன் அடித்துக் காரை உள்ளே விட்டபடி. "கண்ணாடிய ஏத்திக்க. முகத்தப் பார்த்தா விட மாட்டாங்க."

எழுபத்து நாலில் குன்னூரில் மூன்று வாலிபர்கள் சேர்ந்து ஆரம்பித்த ராக் பேண்டுக்கு 'தி லீச்சஸ்' என்று பெயர். முதலாளிகளின் ரத்தத்தை உறிஞ்சப் பிறந்த அட்டைகள் என்று கீர்த்திவாசன் மேடைதோறும் விளக்கம் சொல்வார். அவர் கிடாரோடு பாட, சில்வஸ்டர் பேஸ் கிடார் வாசிக்க, நூர் அகமது டிரம்ஸை உடைப்பார். ஒரே ஒரு பாட்டுதான் ஓடியது. ஆனால் ஊட்டி முதல் கூடலூர் வரை ஓடியது.

'பறிச்சது யாரு, குடிச்சது யாரு?
கதவைத் திற துரை, முகத்தைப் பாரு.'

பேண்ட் உடைந்தபின் நூர் அகமது ஈரோட்டில் ஜமக்காளக் கடை போட்டார். சில்வஸ்டர் பெங்களூருக்குப் போய்விட்டார். கீர்த்திவாசன் மட்டும் மலையிலேயே இருந்தார். பெரிய இடத்தில் பெண் எடுத்தார் என்று காதில் விழுந்ததோடு சரி. இப்போது ஒரு கம்பெனி பழைய பாட்டைப் புதிதாகப் பாடிக் கொடுத்தால் சிடி போடுகிறேன் என்றதும், அவர்தான் இருவருக்கும் போன் போட்டு வரவழைத்திருந்தார்.

மாடியில், தேயிலையை வாட்டுவதற்கென்று கட்டிய நீள ஹாலில் மைக்குகள் நின்றன. இலை ஒன்றுகூட இல்லை.

"தேயிலை விலை விழுந்ததுல இருந்து இங்க இலை எடுக்கறதில்ல. ஹால் சும்மாதான் கிடக்கு" என்றார் கீர்த்திவாசன். "எக்கோ எப்படி வருது பாரு."

"ஓனரு ஒண்ணும் சொல்ல மாட்டாரா?"

"நமக்கு ரொம்ப வேண்டியவருதான்" என்று கீர்த்திவாசன் தன் கிடாரைச் சுருதி சேர்க்கக் குனிந்துகொண்டார்.

பதிவு தொடங்கியது. கீர்த்திவாசனின் குரல் மேலே ஏறாததால் சுருதியை இறக்கினார்கள். பிறகு இன்னும் இறக்கினார்கள். கோயமுத்தூரிலிருந்து வந்திருந்த சவுண்ட் என்ஜினியர் வசந்த்குமார் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "சார், தாளத்துக்கு நடுவுல டக்கு டக்குன்னு ஒரு சத்தம் வருது" என்றார். சில்வஸ்டர் பல்செட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நூர் அகமதுவுக்கு முழங்கால் வலி. பெரிய டிரம்மை மிதிக்கிற ஒவ்வொரு முறையும் அடி ஒரு மாத்திரைக் காலம் பிந்தியது.

பல்லவி வந்தபோது நூர் அகமது வாசிப்பதை நிறுத்தினார்.

"என்னடா பாடின? 'கதவைத் திற நிலா'ன்னா?"

"துரையெல்லாம் இப்ப யாரு இருக்கா? பழசு. நிலான்னா எல்லாருக்கும் பொருந்தும்."

"நிலாவுக்கு எங்கடா கதவு இருக்குது?"

"இதுதாண்டா கவிதை."

அப்போதுதான் அது கேட்டது. கேட் பக்கமிருந்து முதலில் ஒரு பெண் குரல், பின்னாலேயே மொத்தக் கூட்டமும். பறிச்சது யாரு, குடிச்சது யாரு. மெட்டு பிசகவில்லை. இறக்காத சுருதியில், அன்றைக்குப் பாடிய அதே வேகத்தில் வந்தது. சில்வஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டார். நூர் அகமதுவின் கை தன்னால் தாளம் போட்டது. இத்தனை வருஷம் ஜமக்காளம் மடித்த கை.

கீர்த்திவாசனின் கண் கலங்கிவிட்டது. "மறக்கலடா. ஜனங்க மறக்கவே இல்ல" என்றவர் திரும்பி, "வசந்த்து, மைக்கை ஜன்னல்கிட்ட வையுங்க. கோரஸுக்கு இதைவிட என்ன வேணும்?" என்றார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஜன்னலைத் திறந்து, இரண்டு கைகளாலும் தாளம் காட்டினார். அவரைக் கண்டதும் பாட்டு இன்னும் உரத்தது.

இவ்வளவு அன்புக்கு ஒரு வணக்கமாவது சொல்ல வேண்டும் என்று நூர் அகமது கீழே இறங்கினார். கையெழுத்துக் கேட்டால் இருக்கட்டும் என்று பையில் பேனாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

கேட்டின் கம்பிக்கு அந்தப் பக்கம் முன்னால் நின்ற பெண், பக்கத்திலிருந்தவர்கள் வீரம்மா என்று கூப்பிட்ட பெண், பாட்டை நிறுத்தினாள்.

"ரொம்ப சந்தோசமுங்க" என்றார் நூர் அகமது. "எங்க பாட்டு இன்னும் ஞாபகம் இருக்குதுங்களா?"

"உங்க பாட்டா? இது ஸ்ட்ரைக் பாட்டுங்க. எந்த பேக்டரி கதவைச் சாத்தினாலும் இதத்தானே பாடுவோம்." அவள் ஒரு சாக்கின் வாயை அவிழ்த்துக் காட்டினாள். உள்ளே பச்சை இலை கருத்து, சூடேறி, ஆவி அடித்தது. "எங்க துண்டு நிலத்துல நேத்துப் பறிச்சதுங்க. பேக்டரியில விலைக்கு எடுக்க மாட்டேங்கறாங்க. எங்கூட்டுல ரெண்டு நாளா உலை வைக்கல. ஐயா உள்ளார இருந்து வர்றீங்க, முதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

நூர் அகமதுவுக்கு நெஞ்சு கொதித்தது. தோளில் பழைய அட்டை ஊர்ந்ததுபோல் இருந்தது.

"நான் டிரம்ஸ் அடிக்க வந்தவன்மா. ஆனா விட மாட்டேன். யாரு அந்த முதலாளி? எங்கே இருக்கான்னு மட்டும் சொல்லுங்க."

வீரம்மா முகத்தைத் தூக்கி மாடி ஜன்னலைப் பார்த்தாள்.

"கைய ஆட்டிக்கிட்டு நிக்கறாருங்களே, அவருதானுங்க."