பச்சைப் படுதாவுக்குப் பின்னால்

நகரத்துக் காற்று சுத்தமாகட்டும் என்று மின்சாரக் கார் பந்தயம் வைத்தார்கள். நல்ல காரியம். ஆனால் மைதானத்துக்குக் கரண்ட் இழுக்க மறந்துவிட்டார்கள். அவசரமாக ஒரு டீசல் ஜெனரேட்டரை வரவழைத்து, மேடைக்குப் பின்னால் நிறுத்தி, பச்சைப் படுதா கட்டி மறைத்தார்கள்.

எத்தனையோ கல்யாணம், மாநாடு பார்த்த ஜெனரேட்டர் அது. ஒரு மேடையிலும் அதன் பேரைச் சொன்னதில்லை. சார்ஜ் ஏற்றிக்கொள்ள வந்த தென்றல் என்ற காரிடம் கேட்டது.

"தம்பி, ஜெயிச்சா மைக்கிலே என் பேரைச் சொல்லுவியா?"

"என்னண்ணே இப்படிக் கேட்டுட்டே! முதல் பேரே உன் பேர்தான்."

தென்றல் ஜெயித்தது. மாலை போட்டார்கள். "இவ்வளவு பலம் எங்கேயிருந்து வந்தது?" என்று மைக் கேட்டது. படுதாவுக்குப் பின்னால் ஜெனரேட்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.

"எல்லாம் அந்தச் சூரியன் தந்தது" என்றது தென்றல்.

ஒரே கைதட்டல். அடுத்து வெற்றி ஊர்வலம். கொஞ்ச தூரம் போவதற்குள் கார் நின்றுவிட்டது. ஆட்கள் தள்ளிக்கொண்டு வந்து படுதாவுக்குள் விட்டார்கள்.

"அண்ணே... கொஞ்சம் சார்ஜ்."

"வெயில் பிரமாதமா அடிக்குதே தம்பி. போய் நில்லேன்."

கார் மாலையோடு விழித்தது. ஜெனரேட்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வயரை நீட்டிவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. அந்தச் சிரிப்பின் கரும்புகை படுதாவைத் தாண்டி, நேரே மேடைக்குப் போய் உட்கார்ந்தது.