பத்திரமாக அணைப்பது எப்படி?

"குண்டலுபேட்டை பஸ்ஸை விட்டா, தாலி கட்டினதைப் போட்டோலேதான் பாக்கணும்!" வாசலில் ஆட்டோவை நிறுத்தி வைத்துக்கொண்டு கணபதிராமன் கத்தினார்.

கனகலக்ஷ்மி காதிலிருந்து போனை எடுக்கவில்லை. சாமராஜநகரிலிருந்து நாத்தனார் ராஜி முக்கால் மணி நேரமாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

"ராஜி, ஒண்ணு கேக்கணும். கல்யாண மண்டபத்துலே போன் அடிச்சா மானம் போயிடும். கெட்டுப் போகாம, பத்திரமா ஆஃப் பண்றது எப்படி?"

கணபதிராமன் தலையில் அடித்துக்கொண்டார். "பாடம் படிக்கற நேரமா இது?"

கனகலக்ஷ்மி போனை ஸ்பீக்கரில் போட்டாள். ராஜிக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"சொல்றேன் மன்னி. பக்கத்துலே இருக்கற பட்டனையும் வால்யூம் பட்டனையும் சேத்து அமுக்குங்கோ. தொட்டா மட்டும் போறாது, அமுக்கிண்டே இருக்கணும்."

"அமுக்கிண்டே இருக்கேன்."

"சிவப்பா ஒரு வட்டம் வந்துதா?"

"வந்துது, வந்துது."

"ஆய்த்து! இப்போ அதைத் தொடுங்கோ."

தொட்டாள். ராஜியின் குரல் நின்றது. திரை கறுத்தது.

போனைப் பையில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று போய் ஆட்டோவில் ஏறினாள் கனகலக்ஷ்மி.

"ஏண்டீ, போன வாரமும் இதையேதானே அவகிட்டே கத்துண்டே? இன்னுமா வரலை?" என்றார் கணபதிராமன்.

"ஒரே ஒரு தடவை 'வெச்சுடறேன்'னு சொன்னதுக்கு, உங்க தங்கை ஆறு மாசம் என்னோட பேசலை. இப்போ அவளே அமுக்கச் சொல்றா, நான் அமுக்கறேன். மனஸ்தாபமே இல்லை, பாருங்கோ."

"சரி, நாளைக்கும் அவ கூப்பிட்டா?"

"அதுக்குள்ளே எனக்கு மறந்து போயிடுமே!"